கடலை நடந்த துணி

இந்தக் கதையை யாராவது கேட்டுவிட்டால் பாவாயிக்கு முதலில் உள்ளங்கை வேர்க்கும். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். துணியில் தொடங்கினால் கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு துணியைப் பற்றியே கேட்பார்கள், அப்புறம் காலைப் பற்றிக் கேட்க ஆளிருக்காது. காலில் தொடங்கினால், போயும் போயும் ஒரு நாய்க்காலுக்கா இத்தனை பேச்சு என்று பாதியில் எழுந்து போய்விடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தித் தார் சுற்ற, அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகும் சின்னக் கட்டைகளில் ஊடை நூல் சுற்ற, உட்காரவைத்த நாளிலிருந்து, ஒன்றை அடுத்து ஒன்றாகச் சொல்லத் தனக்கு வராது என்று நம்பிக்கொண்டிருப்பவள் அவள். அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய், இழுத்த இழுப்பில் திறந்துகொண்டதோ என்று மறுபடியும் வருவாள். "பயப்பட ஒண்ணும் கெடைக்கலைன்னா பாவாயி அதுக்கும் பயந்துக்குவா" என்று பக்கத்து வீட்டுத் தங்காயி சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் கடலை என்கிற நாயின் காலைப் பார்க்கிற வேலை வந்து சேர்ந்தது.

மேட்டுத்தெருவில் இரண்டு பக்கமும் தறிக்கூடங்கள், தறிக்கூடங்களுக்கு நடுநடுவே அங்கே வேலை செய்கிறவர்களின் லைன் வீடுகள், பகலென்றும் இரவென்றும் இல்லாமல் ஓடுகிற விசைத்தறிகளின் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் பிறந்து அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்தவர்கள் ஒருவர் பேசுவதை ஒருவர் காதால் கேட்பதில்லை, வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். உதடு அசைந்தால் பேச்சு, உதடு விரிந்தால் சிரிப்பு, வாய் அகலத் திறந்தால் அழுகை. தொட்டிலில் குழந்தை அழுகிறதா என்று தாய்மார்கள் எட்டி அதன் வாயைத்தான் பார்ப்பார்கள். மூடிய வாய்க்கு ஒரு குறையுமில்லை என்பது அந்தத் தெருவில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கடலை சின்ன நாய். வறுத்த கடலையின் நிறம், ஒரு முறத்துக்குள் சுருண்டு படுக்கலாம் என்கிற அளவு. யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று தெரியாது. பாவாயியின் தார் இராட்டைக்குக் கீழே உதிர்ந்துகிடக்கும் பஞ்சில் ஒருநாள் படுத்தது, அப்புறம் அங்கேயே படுத்தது. முதலாளி வையாபுரியின் கூடத்துக்குப் பாவு, அதாவது நெடுக்கு நூல், சுற்றிய உருளைகள் வந்த காலையில், வேனிலிருந்து இறக்கும்போது கயிறு வழுக்கி ஓர் இரும்பு உருளை உருண்டது. வேனின் நிழலில் தூங்கிக்கொண்டிருந்த கடலை எழுந்து ஓடியது, ஆனால் பின்னங்கால் ஒன்று ஓட மறந்துவிட்டது.

ஓடிவந்தவர்களில் செங்கோடன்தான் கைவைத்தான். கஞ்சித்தொட்டிக்காரன் அவன், பாவு நூலைக் கஞ்சியில் முக்கி விறைப்பேற்றுகிற வேலை. "மயிரு மாதிரி இருக்கற நூலுக்கே கஞ்சி தெம்பு குடுக்குது, நாய்க்காலுக்குக் குடுக்காதா?" என்று கேட்டுவிட்டு, கழிவு நூலைக் கொழகொழவென்று கஞ்சியில் தோய்த்து, கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் சுற்றோ சுற்றென்று சுற்றி, வெயிலில் பிடித்துக் காயவைத்தான். காய்ந்ததும் தட்டிப் பார்த்தான். குழாயைத் தட்டினது போல இருந்தது. தெருவே மெச்சியது. கடலை ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை என்பதைத் தெரு கவனித்து அதற்கும் மெச்சியது.

மறுநாள் காலையில் மேட்டுத்தெருவின் தறிகள் எல்லாவற்றிலும், நெய்து இறங்கிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில், கடலையின் காலடிகள் இறங்கின.

துணி மேலே யாரும் நடக்கவில்லை. நூலோடு நூலாக, நெய்யும்போதே சாம்பல் நிறத்தில் பாதம் விழுந்தது: மூன்று பாதம், நான்காவதற்குப் பதில் ஓர் இழுப்புக் கோடு. தறி மேஸ்திரி நாடாவை மாற்றிப் பார்த்தார், எண்ணெய்க் கறை என்று சொல்லிச் சோப்புப் போட்டுக் கசக்கிப் பார்த்தார், பாவு நூலையே அறுத்துப் புதிதாகப் பிணைத்தும் பார்த்தார். பாதம் போகவில்லை. தங்காயிதான் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம கடலை காலு" என்று உதட்டை அசைத்தாள். அப்படியா, அதுதானா என்று ஆனது. வேலை இருந்தது, வேலையைப் பார்த்தார்கள்.

பிறகு வழக்குகள் கிளம்பின. ஒரு கூடத்தின் துணி ஓரத்தில் வெளியேறிய காலடி, பக்கத்துக் கூடத்துத் துணியின் ஓரத்தில் நுழைந்து தொடர்ந்து நடந்தது. "எங்க துணியில இருந்து உங்க துணிக்கு ஏன் கூப்பிட்டுக்கிட்டீங்க?" என்று இவர்கள் கேட்க, "நாங்க கூப்பிடல, நீங்க தொரத்தியிருப்பீங்க" என்று அவர்கள் சொல்ல, தேநீர்க்கடையில் உதடுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. கழித்துக்கட்ட வேண்டிய துணி என்று வையாபுரி ஓரமாகப் போட்டதை, சந்தைக்கு வந்த ஒரு கிழவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இது பைரவர் பாதமாயிற்றே என்றார். அவ்வளவுதான். பிள்ளை பெற்றவர்கள் தொட்டிலுக்கு அந்தத் துணியைக் கேட்டு வந்தார்கள், முழங்கால் வலிக்காரர்கள் சுற்றிக்கொள்ளக் கேட்டு வந்தார்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் ஒரு கைக்குட்டை அளவாவது கொடுங்கள் என்றார்கள். பாதம் விழாத துணியைச் சீந்த ஆளில்லை. கடலையின் கழுத்தில் சாமந்தி மாலை விழுந்தது.

கடலை தூங்கினால் துணி வெள்ளையாக இறங்கியது. இதையும் தெரு சீக்கிரமே தெரிந்துகொண்டது. அதைத் தூங்கவிடக் கூடாது என்று யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. போகிற போக்கில் ஒருத்தர் "கடலே" என்று கையைச் சொடுக்குவார், வருகிற வழியில் இன்னொருத்தர் பொறை ரொட்டியை உடைத்துக் கொஞ்ச தூரம் தள்ளிப் போடுவார், தண்ணீர் எடுக்க வருகிறவள் குடத்தின் ஈரத்தை அதன் முகத்தில் சும்மா உதறிவிட்டுப் போவாள். எல்லாம் செல்லம்தான். கடலை எழும், மூன்று காலில் நடக்கும், தெரு முழுக்கத் தறிகள் அந்த நடையை வாங்கித் துணியில் போடும்.

பாவாயி மட்டும் தார் சுற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலை படுப்பதற்காகச் சுற்றும், சுற்றிவிட்டுப் படுக்காமல் நிற்கும். படுத்தால் தேள் கொட்டியது போல எழும். எழுந்து நாலு எட்டு வைத்து, எதற்கு வந்தோம் என்று மறந்ததுபோல நின்று, திரும்பித் தன் பின்காலையே அது யாருடைய கால் என்பதுபோலப் பார்க்கும். வெயில் இல்லாத நேரத்தில் இரைத்தது. வாயில் ஒன்றும் இல்லாதபோது உதட்டை நக்கியது. பொறையை வாங்கிக்கொண்டது, சுவரோரம் கொண்டுபோய் வைத்துவிட்டது. வாலை ஆட்டத்தான் செய்தது, ஆனால் தாழ்வாக, கடன் கேட்க வந்தவன் சிரிப்பதுபோல ஆட்டியது. ஒருநாள் அவள் கட்டின் மேல் கையை வைத்தபோது பல்லைக் காட்டியது; காட்டிவிட்டு, காட்டிய பல்லுக்காக அவள் கையை நக்கு நக்கென்று நக்கியது.

அவள் முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். பால் பொங்குவதற்கு முன்னாலேயே பொங்கிவிட்டதென்று ஓடுகிறவள் அவள். தெருவே சுறுசுறுப்பு என்கிறது, அவள் ஒருத்தி மட்டும் வலி என்றால் யாருக்குப் புத்தி பிசகியிருக்கும்? புருஷன் அர்த்தநாரியிடம் கேட்டாள். அவர் தறியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எனக்கென்ன தெரியும்? நீதான பாத்துக்கிட்டிருக்கற" என்று உதட்டை அசைத்தார். அது பதிலா, இல்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை.

துணிதான் அவளை விடவில்லை. இழுப்புக் கோடு முதலில் நூல் கணக்காக மெல்லிசாக இருந்தது. பிறகு கயிறு போலப் பருத்தது. பிறகு கோட்டின் முனையில் ஒரு பாதம் தெரிய ஆரம்பித்தது. அதில் விரல் விரலாக இல்லை, எல்லாம் ஒன்றாக வீங்கி ஓர் உருண்டையாக இருந்தது. அப்புறம் அந்த உருண்டையைச் சுற்றி மஞ்சள் படர்ந்தது.

"மஞ்சள்!" என்று தெரு குதூகலித்தது. "மங்களத்தைப் பாருங்க, தானாவே மஞ்சள் வெக்குது!" வையாபுரி அன்றைக்கே தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்குத் துணி சாத்துவது என்று முடிவுசெய்தார். இடையில் அறுக்காத ஒரே நீளத் துணி, ஒரு முழம்கூட வெள்ளையாக விடாமல் பாதம் பதிந்த துணி.

பாவாயி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, அந்தக் கட்டை அவுத்துப் பாக்கோணுங்க."

"எதுக்கு?"

"நாய்க்கு வலிக்குதுங்கண்ணா."

"வாயத் தொறந்துச்சா?"

"இல்லீங்."

"கத்துச்சா?"

"இல்லீங்."

"அப்பறம் உங்கிட்ட மட்டும் வந்து எப்படிச் சொல்லுச்சு, காயிதம் போட்டுச்சா?" அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, உதட்டை நிதானமாக, அவளுக்கு ஒரு எழுத்தும் தப்பிவிடாதபடி அசைத்தார். "கட்டை அவுத்து, துணி வெள்ளையா எறங்குச்சுன்னு வெய்யி. நான் குடுத்த லைன் வீட்டுல அப்பறம் நீ எப்படி இருப்பேன்னு யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். தார் சுற்றும்போதும், சோறு வடிக்கும்போதும், பூட்டை இழுத்துப் பார்க்கும்போதும் யோசித்தாள். வீட்டை நினைத்தால் நாயின் கண் வந்தது, நாயை நினைத்தால் வீட்டின் நிலைப்படி வந்தது. அஷ்டமி நெருங்கிக்கொண்டிருந்தது. கடலையின் கண் இரண்டும் மூடுவதை மறந்து அகலமாகிக்கொண்டே போயின. காலிலிருந்து புளித்த கஞ்சி வாடையும், அதற்கு அடியில் வேறொரு வாடையும் வந்தன.

இப்படி இருக்கும்போது மின்வாரியத்தார் பராமரிப்பு வேலைக்காக ஒரு பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். தறிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நின்றன. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் வாசலுக்கு வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள்போல நின்றார்கள். அப்போதுதான் அது கேட்டது.

மெல்லிய சத்தம். ஊசியால் தகரத்தைக் கீறுவதுபோல. நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடியும் கீறும். யாருடைய வீட்டுக் குக்கரோ என்று தங்காயி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒருத்தர் தன் சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். இன்னொருத்தி கைக்குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தாள். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்கள் பாவாயியின் வாசலில், தார் இராட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். கடலை நின்றுகொண்டிருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. மூக்கின் இரண்டு துளையும் விரிந்து விரிந்து சுருங்க, சத்தம் அந்த வழியாக வந்துகொண்டிருந்தது.

"மூக்கால அழுவுது" என்றாள் தங்காயி. தன் குரலே அவளுக்கு அதிகமாகக் கேட்டதால் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடிபட்ட அன்றிலிருந்து அழுதுகொண்டேதான் இருந்திருக்கிறது என்பது அங்கே நின்ற ஒவ்வொரு முகத்துக்கும் புரிந்தது. புரிந்தது என்பது அடுத்த முகத்துக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றும் வேறு பக்கம் திரும்பியது. செங்கோடன் இருமினான். கடைசியில் வையாபுரிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அழுகையில்ல இது. ஜபம். பைரவர் ஜபம் பண்றாரு." அப்பாடா என்று தெரு மூச்சு விட்டது. ஆமாம், ஜபம்தான், நல்லாக் கேட்டா மந்திரமாட்டத்தான் இருக்குது என்றார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, அந்த ஜபத்தை அதிக நேரம் கேட்க முடியாமல், அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பாவாயி உள்ளே போய் ஒயர் கூடையை எடுத்தாள். அர்த்தநாரி பின்னாலேயே வந்தார். பழைய துண்டை நாலாக மடித்துக் கூடைக்குள் போட்டு, "பஸ்ஸு இப்ப வந்துரும்" என்றார். அவ்வளவு தெளிவாக அவர் குரலைக் கேட்டுப் பல வருஷமாகிவிட்டிருந்தது அவளுக்கு.

பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகத்தில் இருந்த டாக்டரம்மா கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சிமெண்டா?" என்று கேட்டாள்.

"கஞ்சிங்க. நூலுக்குப் போடறது."

"காயக் காய இறுகுமேம்மா." டாக்டரம்மா கத்தரியைத் தேடினாள். "தூங்குதா?"

"படுக்குதுங்க. படுத்த ஒடனே எந்திரிக்குது. சுத்துது, நிக்குது. சுறுசுறுப்புன்னு சொல்றாங்க."

"சுறுசுறுப்பு இல்லம்மா. எப்படிப் படுத்தாலும் வலிக்குது, அதான் எடம் தேடுது."

பாவாயிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கென்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. தான் பார்த்தது உண்மைதான் என்று யாராவது சொல்வார்களா என்று இத்தனை நாளும் காத்திருந்தவள் அவள்.

வெந்நீரில் ஊறவைத்து, நீளவாக்கில் ஒரே வெட்டாக வெட்டிக் கட்டை எடுத்தார்கள். உள்ளே இருந்ததைப் பாவாயி பார்த்தாள், பார்த்ததைப் பிறகு யாருக்கும் சொன்னதில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருக்கும், கால் தப்பிக்கும் என்றாள் டாக்டரம்மா. நாயை உள்ளே கொண்டுபோனார்கள். பாவாயி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். பயம் வந்தால் அவள் விரல்கள் சும்மா இருக்காது; அறுந்த நூலைக் கண்டால் முடிச்சுப் போட்டுவிடும். கையில் அந்தக் கட்டு இருந்தது. வெட்டுப்பட்ட இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தறிக்காரர்கள் போடும் சின்ன முடிச்சாகப் போட்டுப் போட்டு, உள்ளே கத்தரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்னும் வேகமாகப் போட்டு, அவள் நிமிர்ந்தபோது கட்டு முன்பிருந்த மாதிரியே முழுசாகிவிட்டிருந்தது. வெயிலில் அது காய்ந்து, கடலையின் கால் இருந்த அளவுக்கு மறுபடியும் இறுகியது.

மேட்டுத்தெருவில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது இன்னும் கரண்டு வரவில்லை. வேலை இல்லாததால் தெரு முழுக்க வெளியில் நின்றது. கூடைக்குள் கடலை ஊசிமருந்தின் மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. காலில் வெள்ளைப் பஞ்சுக்கட்டு.

வையாபுரி நடுத்தெருவில் வந்து மறித்தார். "அவுத்துட்டயா?"

"அவுத்துட்டங்கண்ணா."

"செங்கோடா, கஞ்சி கொண்டா. கரண்டு வர்றதுக்குள்ளாற பழையபடி கட்டியுடு." செங்கோடன் வாளியோடு வந்தான், ஆனால் கிட்டே வரவில்லை. கூட்டம் நெருங்கியது. யாரோ கூடையின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்கள். பாவாயி கூடையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வீடு போய்விட்டது போலத் தெரிந்தது, தொழில் போய்விட்டது போலத் தெரிந்தது, சாமி குத்தம்கூட வந்து முன்னால் நின்றது. வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே தெரியாமல் திறந்தாள்.

"கட்டுங்கண்ணா. ஆனா, இதே அளவுக்குக் கட்டோணுமில்லைங்க. அளவு தெரியோணுமில்லைங்க." கையிலிருந்த கட்டை நீட்டினாள். "விரலை உட்டுப் பாருங்."

அவள் துணிந்து சொல்லவில்லை, உளறத்தான் செய்தாள். ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால் வையாபுரி வாங்கினார். ஆள்காட்டி விரல் போகவில்லை. மோதிர விரல் போகவில்லை. "என்ன இது" என்று சிரித்துக்கொண்டே சுண்டுவிரலைத் திருகி உள்ளே தள்ளினார். இரண்டாவது கணுவரை போனது. இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுக்க இழுக்க இழைகள் இறுகின. கட்டின் விளிம்பில் பிதுங்கிய விரல் சிவந்தது, பிறகு நாவல்பழ நிறமானது. அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. முதலாளி ஆயிற்றே, இத்தனை பேருக்கு முன்னால் எப்படி வாயைத் திறப்பார்? வாயை இறுக மூடிக்கொண்டு, ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்தார். நாலு எட்டு அந்தப் பக்கம் போனார், நாலு எட்டு இந்தப் பக்கம் வந்தார்.

எல்லோரும் பழக்கத்தில் அவர் வாயையே பார்த்தார்கள். வாய் மூடியிருந்தது. அப்போது ஊசியால் தகரத்தைக் கீறும் சத்தம் அவர் மூக்கிலிருந்து வந்தது.

"ஏனுங்கண்ணா," என்றாள் தங்காயி, "ஜபம் பண்றீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. செங்கோடன் தன் வாளியைப் பார்த்தான். பிறகு சாக்கடையோரம் போய், குனிந்து, கஞ்சி முழுவதையும் மெதுவாகக் கவிழ்த்தான். பாவாயி கூடையை அர்த்தநாரியிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து, ஒரு குழந்தைக்கு ஊற்றுவதுபோல, கையால் சூடு பார்த்துப் பார்த்து ஊற்றினாள். விரல் வெளியே வந்தது, கட்டு அவள் கையிலேயே தங்கியது. வையாபுரி அதை இன்னொரு கைக்குள் பொத்திக்கொண்டு, யாரையும் பாராமல் தன் கூடத்துக்குள் போனார்.

கரண்டு வந்தது. தறிகள் பிடித்துக்கொண்டன. எல்லோரும் ஓடிப்போய்த் துணியைப் பார்த்தார்கள். வெள்ளை. கடலை நாள்கணக்காகத் தூங்காத தூக்கத்தையெல்லாம் தூங்கியது, துணி வெள்ளையாகவே இறங்கியது. எழுந்து, எட்டு வைத்து, நொண்டி நொண்டித் தெருமுனை வரைக்கும் போய்க் காலைத் தூக்கிவிட்டு வந்தபோதும் வெள்ளைதான். அஷ்டமிக்கு வெள்ளைத் துணியே சாத்தினார்கள். பைரவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் பாவாயிக்குப் பயம் விடவில்லை. வெளியூரிலிருந்து அந்தப் பாதத் துணி கேட்டு இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வையாபுரி அவர்களை வெறுங்கையோடு அனுப்பும்போது, தூரத்திலிருந்து கடலையின் நாலு காலையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தெருவும் சில சமயம் அப்படிப் பார்த்தது. இராத்திரியில் அவள் எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள், திரும்பி வந்து படுப்பாள், மறுபடியும் எழுவாள், எழும்போதெல்லாம் கடலை ஒரு கண்ணைத் திறந்து, இவளுக்கு எங்கே வலிக்கிறதோ என்பதுபோலப் பார்க்கும்.

ஒருநாள் காலையில், எல்லோரும் தறிக்குப் போகிற நேரத்தில், அவள் ஒரு சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெரு நின்று பார்த்தது. தன் வீட்டுக்குள் நுழைகிற யாருடைய கைக்கும் முதலில் தட்டுப்படுகிற உயரத்தில், நிலைக்காலில் அந்த ஆணியை அடித்தாள். கடலையின் காலைத் தேடி வருகிறவர்கள் முதலில் இதில் விரலை விட்டுப் பார்க்கட்டும் என்று, காய்ந்து இன்னும் குறுகிப்போயிருந்த அந்தக் கஞ்சிக்கட்டை அதில் மாட்டினாள். உள்ளே போய்க் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, தார் சுற்ற உட்கார்ந்தாள்.